டிக்கன்ஸ், மிஸ் கூட்ஸ், ஐந்நூறு கடிதங்கள்

நண்பர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற பெரும் பணக்காரப் பெண்மணிக்கு இருபது வருடத்துக்கு மேல் கடிதம் எழுதிவந்தார் என்று படித்தேன். இது நம் ஊர்ப் புலவர், புரவலர் உறவு மாதிரியா? அவரிடம் டிக்கன்ஸ் பணம் வாங்கினாரா? அந்தக் கடிதங்களில் படிக்க என்ன இருக்கிறது, எங்கே தொடங்கலாம்?"

புலவர், புரவலர் உறவு இல்லை. டிக்கன்ஸ் பாடிப் பரிசில் வாங்கியவர் அல்ல. 24 வயதில் 'பிக்விக்' தொடர்கதை வெளிவரத் தொடங்கியதிலிருந்து எழுத்திலேயே நன்றாகச் சம்பாதித்தவர். இங்கே உதவி போன திசையே வேறு. மிஸ் கூட்ஸ் நல்ல காரியங்களுக்குச் செலவிட நினைத்த பணத்தை யாருக்கு, எதற்கு, எவ்வளவு கொடுப்பது என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் வேலையை டிக்கன்ஸ் சம்பளம் இல்லாமல் செய்தார். அவர் எழுதியவற்றில் 500-க்கு மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை வேலைக் கடிதங்கள்: இந்த வீட்டுக்கு வாடகை இவ்வளவு, இந்த மனு பொய், இந்தப் பெண்ணைச் சேர்க்கலாம், அந்தப் பெண்ணை அனுப்பிவிட வேண்டியதுதான்.

அதனால்தான் எனக்கு இவை அவ்வளவு முக்கியமாகப் படுகின்றன. நாவலில் இரக்கப்படுவது எளிது. அங்கே ஏழை எப்படிப் பேச வேண்டும் என்பதை எழுதுகிறவரே முடிவுசெய்கிறார். இந்தக் கடிதங்களில் வருகிற ஏழை, பொய் சொல்கிறாள், திருடுகிறாள், கொடுத்த துணியை எடுத்துக்கொண்டு ராத்திரியில் ஓடிப்போகிறாள். அப்போதும் இரக்கம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க, டிக்கன்ஸ் விஷயத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. எங்கே தாக்குப்பிடிக்கவில்லை என்பதும் இவற்றிலேயே இருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் அந்த அம்மையாரைப் பற்றி. ஏஞ்சலா 1814-இல் பிறந்தவர். தகப்பனார் சர் பிரான்சிஸ் பர்டெட், தீவிரச் சீர்திருத்தம் பேசிய நாடாளுமன்ற உறுப்பினர். தாய்வழித் தாத்தா தாமஸ் கூட்ஸ், அரச குடும்பமே கணக்கு வைத்திருந்த கூட்ஸ் வங்கியின் சொந்தக்காரர். தாத்தா வயதான காலத்தில் ஹாரியட் மெல்லன் என்ற நாடக நடிகையை இரண்டாம் தாரமாகக் கல்யாணம் செய்துகொண்டு, சொத்து முழுவதையும் அவருக்கே எழுதிவைத்துவிட்டு 1822-இல் இறந்தார். ஹாரியட் பிறகு ஒரு டியூக்கை மணந்தார். 1837-இல் அவர் இறந்தபோது உயில் திறக்கப்பட்டது. குடும்பத்தில் இத்தனை பேர் இருக்க, 23 வயது ஏஞ்சலாவுக்குத்தான் சொத்து. மதிப்பு சுமார் 18 லட்சம் பவுண்டு. ஒரே நாளில் இங்கிலாந்தின் மிகப் பெரிய பணக்காரப் பெண்களில் ஒருவர் ஆகிவிட்டார். ஒரு நிபந்தனையும் இருந்தது: வெளிநாட்டானைக் கல்யாணம் செய்தால் சொத்து போய்விடும்.

கல்யாண விண்ணப்பங்களும் பிச்சைக் கடிதங்களும் மூட்டை மூட்டையாக வந்தன. லண்டன் பிக்காடிலிப் பக்கம் ஸ்ட்ராட்டன் தெருவில் இருந்த வீட்டில், தன் பழைய ஆசிரியையும் தோழியுமான ஹன்னா மெரிடித்தோடு அவர் வாழ்ந்தார். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர், கூச்ச சுபாவம், ஆனால் பிடிவாதமும் உண்டு. 1847-இல், தனக்கு 32 வயதும் வெலிங்டன் பிரபுவுக்கு 77 வயதும் ஆனபோது, தானாகவே அவரிடம் கல்யாணப் பேச்சை எடுத்தார். பெரியவர் அன்போடு மறுத்துவிட்டார்.

டிக்கன்ஸுக்கும் இவருக்கும் பழக்கம் 1830-களின் கடைசியில் ஏற்பட்டது. டிக்கன்ஸ் கூட்ஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர். வங்கிக் கூட்டாளி ஒருவர் மூலமாக அறிமுகம். இருவருக்கும் வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம், ஆனால் வந்த வழியில் எவ்வளவு தூரம்! 1824-இல் டிக்கன்ஸின் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடந்தார்; 12 வயதுப் பையன் தேம்ஸ் கரையில் எலி ஓடும் கட்டடத்தில் ஷூ பாலிஷ் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கதையை டிக்கன்ஸ் யாரிடமும் எளிதில் சொன்னவர் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை தெருவில் விழுவதற்கும் விழாமல் தப்புவதற்கும் நடுவில் எவ்வளவு சின்ன இடைவெளி என்பது அவருக்கு உடம்பால் தெரிந்திருந்தது. மிஸ் கூட்ஸிடம் பணம் இருந்தது. அந்த இடைவெளியைப் பார்த்த கண்ணை டிக்கன்ஸ் கொண்டுவந்தார்.

இந்தக் கூட்டு எப்படி வேலை செய்தது என்பதற்கு 1843 செப்டம்பர் 16-ஆம் தேதிக் கடிதம் நல்ல உதாரணம். தெருப்பிள்ளைகளுக்கு இலவசமாக எழுத்தறிவு கொடுக்கும் கந்தல் பள்ளிகள் அப்போது லண்டனில் தொடங்கியிருந்தன. அவற்றுக்குப் பணம் கொடுக்கலாமா என்று மிஸ் கூட்ஸ் கேட்டார். டிக்கன்ஸ் சாஃப்ரன் ஹில் பகுதியில் இருந்த பள்ளிக்கு நேரில் போய்விட்டு அறிக்கை அனுப்பினார். உளுத்துப்போன ஒரு வீட்டின் மாடியில் மூன்று அறைகள். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் ஃபேகின் பிள்ளைகளைத் திருடப் பழக்கிய இடமாகத் தான் எழுதியது இந்தப் பகுதியைத்தான் என்று அவரே கொஞ்சம் கூச்சத்தோடு குறிப்பிடுகிறார். லண்டனில் எத்தனையோ கோரங்களைப் பார்த்திருக்கிறேன், இந்தப் பிள்ளைகள் உடலாலும் மனத்தாலும் கைவிடப்பட்டிருப்பது போல் அதிர்ச்சி தந்தது அரிது என்கிறார். அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் குளிக்க இடம் வேண்டும், பெரிய கூடம் வேண்டும், மதபோதனையைப் புரியாத வார்த்தைகளில் திணிக்கக் கூடாது என்று நடைமுறை யோசனைகளுக்குப் போய்விடுகிறார். அதே வருடம் டிசம்பரில் அவருடைய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்ற கதை வெளிவந்தது. அதில் ஓர் ஆவியின் அங்கிக்கு அடியிலிருந்து வெளிப்படும் அறியாமை, வறுமை என்ற இரண்டு பிள்ளைகளை, இந்தக் கடிதம் படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சரி, பணம் வாங்கினாரா என்ற கேள்வி. தனக்கென்று வாங்கவில்லை. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் உதவி வாங்கினார். மூத்த மகன் சார்லியை மிஸ் கூட்ஸ் சொந்தப் பிள்ளை போல் பார்த்தார். அவன் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் அனுப்புவார், குடும்பம் இத்தாலியில் இருந்தபோதும் அனுப்பினார். அவனை ஈட்டன் பள்ளியில் படிக்கவைத்ததும் அவர் செலவில்தான். இன்னொரு மகன் வால்டருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இடம் கிடைத்தது அவர் செல்வாக்கால். 'மார்ட்டின் சஸில்விட்' நாவலை டிக்கன்ஸ் அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார்.

இப்போது இந்தக் கடிதங்களின் மையத்துக்கு வருகிறேன். 1846 மே 26-ஆம் தேதி, சுவிட்சர்லாந்துக்குப் புறப்படச் சில நாள்களே இருக்கும்போது, டிக்கன்ஸ் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தெருவில் வாழ்ந்து கெட்ட பெண்களுக்கு ஒரு இல்லம் அமைப்பது பற்றி. அன்றைக்கு இப்படிப்பட்ட பெண்களுக்கு இருந்த இல்லங்கள் பாவத்துக்குத் தண்டனை தரும் இடங்கள் போல நடந்தன: கறுப்பு உடை, ஓயாத பிரசங்கம், சலவைத் தொட்டி. டிக்கன்ஸ் அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறார். வருகிற பெண்ணிடம், நீ கெட்டுப்போனாய், ஆனால் தொலைந்துபோகவில்லை என்று சொல்ல வேண்டும். சமூகம் அவளை மோசமாக நடத்தியிருப்பதால் சமூகத்துக்குச் செய்யும் கடமை பற்றி அவளிடம் பேசிப் பயனில்லை. இந்த வாழ்க்கை அவளையே அழிக்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். பிறகு வீட்டு வேலை கற்றுக்கொடுத்து, யாருக்கும் அவளைத் தெரியாத ஆஸ்திரேலியா போன்ற புது நாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இதில் இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் கல்யாணம் ஆகலாம் என்ற நம்பிக்கையைக் கொடுக்கலாமா என்பதில் மிஸ் கூட்ஸுக்குத் தயக்கம். அவருடைய நம்பிக்கையில் மனந்திரும்புதலே முதல் இலக்கு. டிக்கன்ஸ் விடவில்லை. இவர்களை நல்வழிக்கு ஆசைகாட்டித்தான் அழைக்க முடியும். இழுத்தோ விரட்டியோ பயமுறுத்தியோ கொண்டுவர முடியாது என்று எழுதுகிறார். பணம் கொடுக்கிறவரிடம் இவ்வளவு நேராகப் பேசும் துணிவும், கேட்டுவிட்டுப் பணத்தைத் தொடர்ந்து கொடுக்கும் பெருந்தன்மையும் ஒரே உறவில் இருந்தது அபூர்வம்தான்.

1847 நவம்பரில் லண்டனுக்கு மேற்கே, அப்போது கிராமம் போல இருந்த ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில், யுரேனியா காட்டேஜ் என்ற வீடு திறக்கப்பட்டது. பெண்களை எங்கிருந்து கண்டுபிடிப்பது? டிக்கன்ஸுக்குச் சிறை அதிகாரிகளில் நல்ல நண்பர்கள் இருந்தார்கள். டோட்ஹில் ஃபீல்ட்ஸ் சிறையின் டிரேசியும் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையின் செஸ்டர்டனும், தகுதியான பெண்களை அடையாளம் காட்டினார்கள். அவர்களிடம் கொடுக்க டிக்கன்ஸ் ஒரு துண்டுக் கடிதம் எழுதி அச்சடித்தார். கையெழுத்து கிடையாது. 'இந்தக் கடிதம் உன் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை' என்ற பொருளில் தொடங்கி, சந்தோஷமாக இருக்கப் பிறந்து துக்கத்தில் வாழ்ந்த ஓர் இளம்பெண்ணிடம் பேசுவதாகப் போகிறது. இந்த ஊரில் ஒரு அம்மாள் இருக்கிறார், தன் வீட்டு ஜன்னலிலிருந்து ராத்திரியில் உன்னைப் போன்றவர்கள் போவதைப் பார்த்து மனம் கசிந்திருக்கிறார் என்று அதில் ஓர் இடம் வரும். பிக்காடிலி ஜன்னல்தான் அது. மிஸ் கூட்ஸின் பெயர் மட்டும் இல்லை.

வீட்டில் ஒரு நேரத்தில் 13 பெண்கள், இரண்டு மேற்பார்வைப் பெண்மணிகள். எல்லாரும் பாலியல் தொழிலில் இருந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தையல் கூலியில் பட்டினி கிடந்தவர்கள், சில்லறைத் திருட்டில் மாட்டியவர்கள், தற்கொலைக்கு முயன்றவர்கள், வேலை போன வேலைக்காரிகள் எல்லாரும் இருந்தார்கள். ஆறு மணிக்கு எழுந்து, ஜெபம், பாடம், தையல், முறைவைத்துச் சமையல். ஒவ்வொருத்திக்கும் தனிக் கட்டில். தோட்டத்தில் அவளுக்கென்று ஒரு துண்டு நிலம். பாட்டுக் கற்றுக்கொடுக்க ஹல்லா என்ற இசையாசிரியர் வந்தார். வந்து சேரும் பெண்ணின் கதையை டிக்கன்ஸே தனியாக உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளிடம் பழைய கதை கேட்கக் கூடாது, மேற்பார்வையாளருக்கும் தெரியாது. அந்த நோட்டு இன்று இல்லை. விக்டோரியா காலத்தின் எத்தனையோ ஆவணங்கள் தொலைந்திருக்கின்றன, இது தொலைந்ததைப் போல் என்னை வருத்துவது வேறில்லை. அந்தப் பெண்கள் தங்கள் வாயால் சொன்னது அதில்தான் இருந்தது.

மதிப்பெண் முறை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் உள்ள நார்ஃபோக் தீவில் கைதிகளைப் பார்த்துக்கொண்ட கேப்டன் மெக்கனாக்கியிடமிருந்து டிக்கன்ஸ் எடுத்துக்கொண்டது. உண்மை, உழைப்பு, கோபத்தை அடக்குவது, சிக்கனம், சுத்தம் என்று ஒன்பது தலைப்புகள், தினமும் மதிப்பெண். கறுப்பு மையில் நல்ல மதிப்பெண்கள், சிவப்பு மையில் கெட்டது. ஒரு சிவப்பு விழுந்தால் நாற்பது கறுப்பு போச்சு. ஆயிரம் சேர்ந்தால் ஆறு ஷில்லிங் ஆறு பென்ஸ் அவள் பேரில் வரவு. புறப்படும்போது கையில் கிடைக்கும். இன்றைய கண்ணுக்கு இது பள்ளிக்கூடத் தொல்லை போலத் தெரியலாம். ஆனால் அதுவரை தன் நடத்தைக்கு அடி மட்டுமே பலனாகக் கண்ட ஒரு பெண்ணுக்கு, தன் பேரில் ஒரு கணக்கு ஏறுவது சாதாரணம் அல்ல.

துணி விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1856 நவம்பரில் மிஸ் கூட்ஸ் பெண்களின் உடைக்காக டெர்ரி என்ற துணியின் மாதிரியை அனுப்பிக் கருத்துக் கேட்டார். உழைக்கும், மலிவு, அழுக்குத் தெரியாது. டிக்கன்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல சரக்குதான், ஆனால் நிறம் செத்துப்போயிருக்கிறது; இவர்களுக்கு எப்போதும் நிறம் வேண்டும், நிறம் கற்பனையோடு சேர்ந்தது, அதை நான் எப்போதும் கொடுப்பேன் என்று பதில். எல்லாம் இயந்திரமாகிவரும் இந்தக் காலத்தில் நிறத்தின் தேவை இன்னும் அதிகம் என்று சேர்த்துக்கொள்கிறார். இரண்டு வருடம் முன்னால் 'ஹார்ட் டைம்ஸ்' முழுக்க எழுதிய வாதத்தை, ஒரு துணித் துண்டை வைத்துச் சில வரிகளில் முடித்துவிட்டார். எனக்கு அந்த நாவலைவிட இந்தக் கடிதம் பிடிக்கும்.

இன்னொரு கடிதம், 1849 நவம்பர். வீட்டில் ஒரு பெண் மற்றவர்களைத் தூண்டிவிட்டு, மேற்பார்வையாளர் மீது பொய்ப் புகார் கட்டி, பெரிய கலகம் செய்துவிட்டாள். துடிப்பான பெண், டிக்கன்ஸுக்கு அவளைப் பிடித்தும் இருந்தது. விசாரித்து, அவளை வெளியேற்ற முடிவானது. கையில் அரை கிரவுன் காசும் ஒரு பழைய சால்வையும் கொடுத்தார்கள். அதுவரை திமிராக இருந்தவள், உண்மையிலேயே அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் அழுதாள். கதவைத் தாண்டியவள் வீட்டுச் சுவரில் ஒன்றிரண்டு நிமிடம் சாய்ந்து நின்றுவிட்டுத்தான் வாசலுக்குப் போனாள். பிறகு டிக்கன்ஸின் வண்டி சந்தில் அவளைக் கடந்தது. மெதுவாக நடந்துகொண்டு, சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதைவிட நாதியற்ற ஒன்றை நான் பார்த்ததில்லை என்று எழுதுகிறார். மனம் இளகினால் மற்ற பெண்களுக்கு நல்லது செய்ய முடியாது, அதனால் இளக முடியவில்லை என்றும் எழுதுகிறார்.

அந்த மாதங்களில் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' தொடராக வந்துகொண்டிருந்தது. ஊர் ஒதுக்கிய மார்த்தா என்ற பெண் அதில் சால்வையில் முகம் புதைத்து அழுகிற அத்தியாயம் அந்த டிசம்பர் இதழில் வந்தது. கதையில் மார்த்தாவும் எமிலியும் ஆஸ்திரேலியா போய்ப் பிழைத்துக்கொள்கிறார்கள். ஷெப்பர்ட்ஸ் புஷ் சந்தில் போனவளுக்கு என்ன ஆயிற்று என்று டிக்கன்ஸாலும் எழுத முடியவில்லை.

மொத்தத்தில் இல்லம் பலித்ததா? 1853-இல் டிக்கன்ஸே கணக்குக் கொடுத்தார். அதுவரை வந்த 56 பேரில் 30 பேர் கடல் தாண்டிப் போய் நல்ல வேலையில் அமர்ந்தார்கள்; அவர்களில் 7 பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மூவர் கப்பலிலேயே பழைய வழிக்குப் போய்விட்டார்கள். சிலர் ஓடிப்போனார்கள், சிலர் அனுப்பப்பட்டார்கள். பாதிக்குப் பாதி. இந்த மாதிரி வேலை தெரிந்தவர்கள் இதை நல்ல கணக்கு என்றுதான் சொல்வார்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிஸ் கூட்ஸுக்கு வரும் உதவி மனுக்களை டிக்கன்ஸ் சலித்துக் கொடுத்தார். பிறகு தன் பத்திரிகையின் துணையாசிரியர் வில்ஸையே அவருக்குச் செயலாளராக அமர்த்தினார். கிரிமியா போரின்போது ஸ்குடாரி மருத்துவமனையில் ஈரத்துணி காயாமல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் திண்டாடியபோது, மிஸ் கூட்ஸ் பணத்தில், டிக்கன்ஸ் ஏற்பாட்டில், துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று லண்டனில் செய்து கப்பலில் போனது. ஏழைகளுக்கு வீடு கட்டும் யோசனையும் வந்தது. சின்னச் சின்ன வீடுகள் வேண்டாம், பெரிய அடுக்குக் கட்டடமாகக் கட்டினால்தான் தண்ணீர், சாக்கடை, எரிவாயு எல்லாம் கட்டுபடியாகும், உழைப்பாளி வேலை இடத்துக்குப் பக்கத்திலும் இருப்பான் என்று 1852-இல் டிக்கன்ஸ் எழுதுகிறார். பெத்னல் கிரீனில், பிணத்துக்காகக் கொலை செய்த கும்பல் ஒன்றால் பேர் கெட்ட நோவா ஸ்கோஷியா கார்டன்ஸ் இடத்தில், 1860 வாக்கில் கொலம்பியா ஸ்கொயர் என்ற குடியிருப்பு எழுந்தது. ஒரு நூற்றாண்டு நின்றது.

இதுவரை சொன்னதை வைத்து டிக்கன்ஸை வணங்கிவிட்டுப் போவதற்கில்லை. இந்தியாவில் இருந்து படிக்கிறவர்கள் 1857 அக்டோபர் 4-ஆம் தேதிக் கடிதத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். அதுவும் மிஸ் கூட்ஸுக்கு எழுதியதுதான். வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்திருந்தார்கள், கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்தி லண்டனுக்கு வந்திருந்தது. டிக்கன்ஸின் மகன் வால்டர், 16 வயது, ஜூலையில்தான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். நான் இந்தியாவில் படைத்தலைவனாக இருந்தால், இந்தக் கொடுமை செய்த இனத்தையே பூண்டோடு அழிக்க முழு முயற்சி செய்வேன், பூமியிலிருந்து துடைத்தெறிவேன் என்ற பொருளில் எழுதுகிறார். மகனைப் பற்றிய பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் அந்த வரிகள் பயத்தில் பிறந்தவையாக எனக்குத் தோன்றவில்லை, வெறுப்பில் பிறந்தவை. சாஃப்ரன் ஹில் பிள்ளைகளுக்காகத் துடித்த அதே கை, அதே அம்மையாருக்கு, அதே தாளில் இதையும் எழுதியது. அவருடைய இரக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது, அந்த எல்லைக்கு வெளியே நாம் இருந்தோம்.

அடுத்த வருடம் வீட்டிலேயே இன்னொரு எல்லை தெரிந்தது. 22 வருடம் குடும்பம் நடத்தி, பத்துப் பிள்ளை பெற்ற மனைவி கேத்தரினை டிக்கன்ஸ் 1858 மே மாதம் பிரிந்தார். எலன் டெர்னன் என்ற 18 வயது நடிகையை முந்தின வருடம் சந்தித்திருந்தார். என் கல்யாணம் பல வருடங்களாகவே யாருக்கும் வாய்க்காத அளவு துன்பமானது என்று மிஸ் கூட்ஸுக்கு எழுதுகிறார். ஆனால் கேத்தரினும் மிஸ் கூட்ஸிடம்தான் போனார். மிஸ் கூட்ஸ் சமாதானம் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. உங்கள் உதவிக்கு நன்றி, இனி எனக்கு ஒரே வழிதான், கடவுள்தான் துணை, எவ்வளவு கடுமையாக நடத்தப்பட்டேன் என்று ஒருநாள் உங்களிடம் சொல்வேன் என்ற பொருளில் கேத்தரின் எழுதிய சிறு கடிதம் இருக்கிறது. டிக்கன்ஸின் அத்தனை பக்கங்களுக்கும் எதிரே வைத்துப் படிக்க வேண்டிய கடிதம் அது.

அதன் பிறகு பழைய நெருக்கம் இல்லை. யுரேனியா காட்டேஜில் டிக்கன்ஸின் பங்கும் முடிந்தது. 1860-களின் தொடக்கத்தில் இல்லமே மூடப்பட்டது. ஆனால் மிஸ் கூட்ஸ் விடாமல் முயன்றார். 1863-இன் கடைசி நாளில் வால்டர் கல்கத்தாவில், நோய் விடுப்பில் ஊர் திரும்பும் வழியில், 22 வயதில் இறந்தான். செய்தி பிப்ரவரியில் லண்டன் வந்தது. மகன் செத்த துக்கத்திலாவது கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளட்டும் என்று மிஸ் கூட்ஸ் எழுதியிருக்கிறார். டிக்கன்ஸின் பதில், 1864 பிப்ரவரி 12: என் வாழ்க்கையில் ஒருகாலத்தில் எழுத்து இருந்த ஒரு பக்கம் இப்போது முழு வெறுமையாகிவிட்டது, அதில் ஒரு வார்த்தையாவது இருப்பதாக என்னால் பாவனை செய்ய முடியாது. மன்னிப்பும் மறுவாய்ப்பும் பற்றி எத்தனை பக்கங்களில் இந்த அம்மையாருக்கு எழுதியிருந்தார்! ஷெப்பர்ட்ஸ் புஷ் பெண்களுக்குக் கொடுத்ததில் கால்வாசி கேத்தரினுக்குக் கொடுத்திருக்கலாம்.

கவனித்தால், இத்தனை நேரமும் மிஸ் கூட்ஸ் சொன்னதை நான் டிக்கன்ஸின் பதிலிலிருந்துதான் ஊகித்துச் சொல்லிவருகிறேன். காரணம், அவர் எழுதியவை இல்லை. 1860 செப்டம்பர் 3-ஆம் தேதி டிக்கன்ஸ் தன் கேட்ஸ் ஹில் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில், இருபது வருடமாகச் சேர்ந்த கடிதங்களைக் கொட்டி எரித்துவிட்டார். தான் எழுதிய கடிதங்களும் அந்தக் குவியலில் இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டாராம். மிஸ் கூட்ஸ் எரிக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். பத்திரப்படுத்தியவரின் குரல் போய்விட்டது, எரித்தவரின் குரல் மிஞ்சியது. இதனால் ஒரு அநியாயமும் நடந்திருக்கிறது: யுரேனியா காட்டேஜை டிக்கன்ஸின் இல்லம் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். வாடகையிலிருந்து கப்பல் கட்டணம் வரை கட்டியவர் மிஸ் கூட்ஸ். கண்மூடிக் கட்டியவரும் அல்ல. மறுத்தார், திருத்தினார், துணி மாதிரி அனுப்பினார். டிக்கன்ஸ் அத்தனை பக்கம் வாதாட வேண்டியிருந்ததே எதிரே ஒரு வலுவான மனம் இருந்ததற்குச் சாட்சி.

மிஸ் கூட்ஸின் பிற்கால வாழ்க்கையும் அதைத்தான் காட்டுகிறது. டிக்கன்ஸ் 1870-இல் இறந்தார். அடுத்த வருடம் விக்டோரியா ராணி, மிஸ் கூட்ஸின் கொடைப்பணிக்காகவே பேரனஸ் பட்டம் கொடுத்தார். 1881-இல், 66 வயதில், அமெரிக்காவில் பிறந்த 29 வயதுச் செயலாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். உயிலின் நிபந்தனைப்படி வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கு போயிற்று. தெரிந்தேதான் செய்தார். 1906 டிசம்பரில் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார்; டிக்கன்ஸும் அங்கேதான் இருக்கிறார்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டீர்கள். கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. டிக்கன்ஸின் எல்லாக் கடிதங்களையும் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். அதில் இறங்குவதற்கு முன், எட்கர் ஜான்சன் 1952-இல் மிஸ் கூட்ஸுக்கு எழுதிய கடிதங்களை மட்டும் தேர்ந்து ஒரே நூலாகக் கொடுத்திருப்பதைப் பிடியுங்கள். முதலில் 1846 மே 26-ஆம் தேதிக் கடிதம். அப்புறம், 1853 ஏப்ரலில் தன் பத்திரிகையில் யுரேனியா காட்டேஜ் பற்றி டிக்கன்ஸ் எழுதிய கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட வருடங்களின் கடிதங்களைப் படியுங்கள். கட்டுரையில் அவர் பெயரும் இல்லை, மிஸ் கூட்ஸ் பெயரும் இல்லை. சில பெண்மணிகள் கூடி இந்த முயற்சியைத் தொடங்கினார்கள் என்று மட்டும் இருக்கும். அதே வீட்டில் அந்த வாரம் யார் எந்தத் தட்டை உடைத்தாள், யார் அடுத்த கப்பலுக்குத் தயார் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கும்.